முன்னறையில் வந்த மணம்

லண்டனில், டூட்டிங்கில் ஒரு டிரை கிளீனிங் கடையின் கவுண்டரில் பவளக்கொடி பதினோரு வருடமாக நின்றாள். யாராவது ஒரு கோட்டைக் கொண்டுவந்து வைத்தால், ரசீது எழுதுவதற்கு முன் அதை ஒருமுறை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவாள். இது மீன் பொரிக்கிற கடைக்குள் நின்ற கோட்டு, இது நாயோடு காரில் போகிற கோட்டு, இது மூன்று மணித்தியாலம் பப்பில் இருந்த கோட்டு என்று மனதுக்குள் பிரித்துவிடுவாள். அவளுடைய சினேகிதி வெம்பிளி மங்கை அவளை ‘சி.ஐ.டி’ என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தப் பேர் சும்மா வரவில்லை. ஒரு காலத்தில் பவளக்கொடி யார் என்ன சொன்னாலும் நம்புகிற ஆளாகத்தான் இருந்தாள். அவளுடைய புருஷன் கமலநாதன் இரண்டு வருடமாகச் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு பிஸ்கட் கொம்பனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வந்தான். அந்தக் கொம்பனி பூட்டி ஒன்றரை வருடம் ஆகிறது என்பதை, யாரோ பெரியபிள்ளையானதற்கு வைத்த ஒரு சாமத்தியவீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்த யாரோ ஒருத்தி கதையோடு கதையாகச் சொல்லித்தான் அவள் அறிந்தாள். லூட்டனில் அவனுக்கு வேறொரு குடும்பம் இருந்தது. ஒரு சூட்கேசோடு அவன் அங்கேயே போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அவள் தனியே மிஞ்சினாள். அன்றிலிருந்து பால்காரன் ‘குட் மோர்னிங்’ சொன்னாலும் அவள் ஜன்னலைத் திறந்து வெளியே பார்க்கிற ஆளாகிப்போனாள்.

வீடு கோலியர்ஸ் வுட்டில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டின பழைய செங்கல் வீடுகளில் ஒன்று. மேல்மாடியில் தெருவைப் பார்த்த முன்னறை பெரியது. அதை வாடகைக்கு விட்டுவிட்டு அவள் பின்பக்கத்துச் சின்ன அறையில் படுப்பாள். 2006 செப்டம்பரில் அந்த முன்னறைக்கு வந்தவள்தான் பிரீத்தா. திருச்சிப் பெண், முப்பது வயது, சிற்றியில் ஒரு இன்சூரன்ஸ் ஒபிசில் கம்ப்யூட்டர் புரோகிராம்களில் பிழை பிடிக்கிற வேலை. அமைதியானவள். குளித்தால் குளியலறையைத் துடைத்துவிட்டு வருவாள். பவளக்கொடிக்கு அவளைப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே கொஞ்சம் கவனமாகவும் இருந்தாள்.

ஆனால் அந்த இலையுதிர்காலத்தில் அவளுடைய சந்தேகம் முழுக்கப் பக்கத்துவீட்டுக் கோபாலன்மேல்தான் இருந்தது.

கோபாலன் ஈப்போக்காரர். மலேசியாவிலிருந்து எழுபதுகளில் படிக்க வந்து, ரயில்வேப் பாலங்களுக்குக் கணக்குப் போடும் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து மூன்று வருடம். காஸ் பில் ஏறுகிறது என்று சொல்லி அக்டோபரில் தன் வீட்டு ஹோலில் ஒரு இரும்பு விறகடுப்பை வைத்தார். யாரோ ஒரு ஆள் வந்து, பழைய கணப்பு இருந்த இடத்தில் ஒரே மத்தியானத்தில் அதைப் பொருத்திவிட்டுப் போனான். அதற்குப் பிறகுதான் வான் வரத் தொடங்கியது. கிழமைக்கு ஒருதடவை, வாரம் தவறாமல், காலை ஏழு மணிக்கு முன்னால், ஒரு வெள்ளை வான் வந்து மரத்துண்டுகளை வாசலில் கொட்டிவிட்டுப் போகும். சனிக்கிழமைகளில் கோபாலன் பின்வளவில் நின்று, கோடாலியால் அவற்றைப் பிளந்து, மதிலோரம் அழகாக அடுக்குவார்.

பவளக்கொடி வானின் நம்பரைக் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதிவைத்தாள். ஆற்றோரத்துப் பார்க்கில் இரண்டு மரங்கள் திடீரென்று காணாமல் போயிருந்ததும் அவளுடைய கண்ணில் பட்டிருந்தது.

ஒருநாள் வேலிக்கு மேலால் கேட்டே விட்டாள். “அண்ணை, இவ்வளவு விறகும் எங்கயிருந்து வருது?”

“மரம் வெட்டுறவங்க கொண்டாந்து போடுறாங்க, அக்கா. அவங்களுக்குக் கொட்ட இடம் வேணும், எனக்கு விறகு வேணும். அவ்வளவுதான் லா.”

“இது பச்சை விறகெல்லோ? பட்டையெல்லாம் ஈரமாக் கிடக்கு. எரியாது, புகைதான் வரும்.”

“இந்த அடுப்பு எதையும் எரிச்சுரும்” என்று அவர் கோடாலியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். “ரெண்டு கட்டையப் போட்டு, காத்துப் போற வாயை மூடி வெச்சோம்னா, காலையில வரைக்கும் கனகனன்னு இருக்கும். காஸே வேணாம்.”

இவ்வளவு லேசாகப் பதில் வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைத்த போர்வைகளை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறியவள் முன்னறை வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே ஒரு புகைமணம். லேசானது, ஆனால் இருந்தது. பிரீத்தா கட்டிலில் படுத்திருந்தாள்.

“பிரீத்தா, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேயும். நீர் அறைக்குள்ள சிகரெட் பத்திறனீரோ?”

‘பத்திறது’ என்றால் என்னவென்று பிரீத்தாவுக்குப் புரிய இரண்டு வினாடி எடுத்தது. “சிகரெட்டா? நானா? இல்லவே இல்ல, ஆன்ட்டி. எனக்குக் காலையிலேர்ந்து ஒரே தலைவலி. அதான் படுத்திருக்கேன்.”

அந்த இரண்டு வினாடியைத்தான் பவளக்கொடி மனதில் வைத்துக்கொண்டாள். பொய் சொல்கிற ஆள்தான் யோசிக்கும்.

அதன்பிறகு அவளுடைய மூக்கு ஓயவில்லை. பிரீத்தா வேலைக்குப் போனதும் அறை வாசலில் போய் நிற்பாள். கதிரையில் கிடக்கும் கம்பளிச் சட்டையை எடுத்து மணந்து பார்ப்பாள். அதில் இருந்தது சிகரெட் மணம் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆயிரம் கோட்டை மணந்த மூக்கு அது. சிகரெட் இல்லையென்றால் வேறென்ன?

தொலைபேசியில் மங்கை சொன்னாள்: “இந்தக் காலத்துப் பிள்ளையள் சிகரெட்டோட நிக்குதுகளே? கஞ்சாவாயிருக்கும். இங்க எங்கட ரோட்டில பொலிஸ் வந்து ஒரு வீட்டுக் கதவை உடைச்சது தெரியுமோ? வீட்டுக்காரரையும் சேத்துத்தான் கொண்டு போனவங்கள்.”

“அந்தப் பிள்ளையைப் பாத்தா அப்பிடித் தெரியேல்லை.”

“கமலநாதனைப் பாத்தா மட்டும் தெரிஞ்சதோ?”

பவளக்கொடி போனை வைத்தாள்.

டிசம்பரில் குளிர் கூடியது. பக்கத்துவீட்டு அடுப்பு சனி, ஞாயிறு முழுக்க எரிந்தது. பிரீத்தாவின் தலையிடியும் சனி, ஞாயிறுகளில்தான் வந்தது. வேலை நாட்களில் முகம் தெளிந்திருக்கும். ஞாயிறு காலையில் வெளிறிப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவாள். ஒரு ஞாயிறு அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. பவளக்கொடி கீழே கேத்திலைக் கையில் வைத்துக்கொண்டு, விரல் விட்டு எண்ணினாள். வெள்ளிக்கிழமைகளில் பிரீத்தா எட்டு மணிக்குத்தான் வீடு வருகிறாள். யாரோடு நின்றுவிட்டு வருகிறாள்? பவளக்கொடி சமைத்து வைக்கும் கறியையும் இப்போது தொடுவதில்லை. முன்பெல்லாம் கத்தரிக்காய்க் கறி என்றால் சட்டியை வழித்துச் சாப்பிட்டவள், இப்போது, “வேணாம் ஆன்ட்டி, வெளியில சாப்பிட்டுட்டேன்” என்று கண்ணைப் பார்க்காமல் சொல்லிவிட்டு மேலே போகிறாள். மசக்கையாயிருக்குமோ?

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் பிரீத்தா கடைக்குப் போயிருந்தாள். பவளக்கொடி முன்னறைக்குள் போனாள். முதலில் வாசலில் நின்றுதான் பார்ப்பதாக நினைத்தாள். பிறகு மேசை லாச்சியை இழுத்தாள். பிறகு மெத்தையைத் தூக்கினாள். பிறகு அலுமாரிக்கு அடியில் இருந்த சூட்கேசைத் திறந்து, மடித்த சேலைகளுக்கு நடுவே கையை விட்டாள்.

“என்ன தேடுறீங்க, ஆன்ட்டி?”

பிரீத்தா வாசலில் நின்றாள். கையில் கடைப் பையோடு.

பவளக்கொடி கையை எடுத்தாள். மன்னிப்புக் கேட்கிற நேரம் அதுதான். ஆனால் வாயில் வந்தது வேறு. “நீர்தான் சொல்லவேணும். இந்த அறைக்குள்ள என்ன புகைக்கிறீர்? ஏன் கிழமைக்குக் கிழமை சத்தி எடுக்கிறீர்? என்ர வீட்டுக்குப் பொலிஸ் வர நான் விடமாட்டன்.”

பிரீத்தா பையைக் கீழே வைத்தாள். அழவில்லை. “எங்கம்மாகூட என் பெட்டியைத் தொறந்ததில்ல” என்றாள். “இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்துதான் எனக்கு உடம்பு சரியில்ல. அது ஏன்னு எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு. நான் சொல்லல. நீங்க சொல்லிட்டீங்க.”

என்ன சந்தேகம் என்று பவளக்கொடி கேட்கவில்லை. அடுத்த நாளே ஒரு மினிகாப் வந்தது. பிரீத்தா இரண்டு பெட்டியோடு ஏறிப் போனாள். சாவியையும், தபால் அனுப்ப ஒரு விலாசம் எழுதின துண்டையும் படிக்கட்டின் மேல் வைத்திருந்தாள்.

அந்தக் கிழமையே கோபாலனும் நத்தார்ப் பண்டிகை விடுமுறைக்கு ஈப்போவுக்குப் பறந்தார். பவளக்கொடி திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்தாள், மெத்தையைத் திருப்பிப் போட்டாள், ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். மூன்று கிழமை அந்த அறையில் ஒரு மணமும் இல்லை.

“பாத்தியோ?” என்று மங்கைக்குப் போன் எடுத்துச் சொன்னாள். “அவள் போனாள், மணமும் போயிட்டுது. என்ர மூக்குப் பிழைக்கேல்லை.”

ஜனவரியில் பின்னறையின் சுவர் ஈரம் கசிந்து கறுத்தது. எப்படியும் அடுத்த ஆள் வரும்வரைக்கும் என்று அவள் முன்னறைக்கே படுக்கையை மாற்றிக்கொண்டாள். பெரிய கட்டில், தெரு வெளிச்சம், நல்ல நித்திரை. முதல் கிழமை சுகமாகப் போனது. ஈப்போவிலிருந்து கோபாலன் திரும்பிவந்ததும், வாசலில் வான் வந்து நின்றதும் அவளுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்து வெகுநேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்தாள். எட்டரை மணி. ஆறு மணிக்கு மேல் படுத்திருந்து அவளுக்குப் பழக்கமில்லை. தலைக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல் இருந்தது. எழுந்து நிற்கக் கால்கள் பஞ்சாகத் துவண்டன. கட்டிலோரத்தைப் பிடித்து உட்கார்ந்தபோது அதே மணம் வந்தது.

அவளுக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அந்தப் பெண் போகும்போது ஏதோ செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். செய்வினை. அந்த நிலையிலும் அவள் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். ஒரு தலைமயிர்க் கிளிப் கிடந்தது, வேறொன்றுமில்லை. குனிந்தவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கீழே இருந்தபடியே தலையைத் திருப்பியபோது, எதிர்ச் சுவரில் பழைய கணப்பு அடைப்பு கண்ணுக்கு நேரே தெரிந்தது. எப்போதோ யாரோ பலகை அடித்து, அதன் நடுவில் காற்றுப் போக ஒரு சின்னக் கம்பிச் சல்லடை வைத்திருந்தார்கள். அந்தச் சல்லடைக்கு மேலே வெள்ளைச் சுவரில் ஒரு மெல்லிய கறுப்பு நிழல் படிந்திருந்தது. போன வருடம் பெயிண்ட் அடித்தபோது அது இல்லை.

தவழ்ந்து போய்ச் சல்லடையில் கையை வைத்தாள். வெதுவெதுப்பான காற்று. மூக்கை வைத்தாள். சிகரெட்டும் இல்லை, கஞ்சாவும் இல்லை. பச்சை விறகுப் புகை.

ஜன்னலை எப்படித் திறந்தாள், படிகளில் எப்படி இறங்கினாள் என்று பிறகு அவளால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. இரவுச் சட்டைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்து, எதிர்ப்பக்க மதிலில் சாய்ந்துகொண்டு கூரையை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே பொதுவாக ஒரு செங்கல் புகைக்கூண்டு. அதன் உச்சியில் எட்டு மண்குழாய்கள், கோபாலனுடைய அறைகளுக்கு நாலு, அவளுடைய அறைகளுக்கு நாலு. கோபாலனின் குழாய் ஒன்றிலிருந்து புகை போனது. அவளுடைய குழாய் ஒன்றிலிருந்தும் புகை போய்க்கொண்டிருந்தது.

அவளுடைய வீட்டில் ஒருநாளும் யாரும் நெருப்பு மூட்டியதில்லை.

கோபாலனின் கதவை அவள் இரண்டு கையாலும் தட்டினாள். அவர் பல்துலக்கும் பிரஷோடு வந்தார்.

“என்னா அக்கா, காலங்காத்தால?”

“வெளியில வாங்கோ. வந்து மேல பாருங்கோ.”

“என்ன ஆச்சு? உங்க மூஞ்சியெல்லாம்...”

“நீங்கள் முதல்ல பாருங்கோ!”

அவர் செருப்பில்லாமல் தெருவுக்கு இறங்கி, அண்ணாந்து பார்த்தார். குழாய்களை விரல் நீட்டி எண்ணினார். திரும்பவும் எண்ணினார். பிரஷ் கையிலிருந்து விழுந்தது. உள்ளே ஓடிப்போய், எரிந்துகொண்டிருந்த கட்டைகளை இரும்பு வாளியில் அள்ளி அள்ளிப் பின்வளவில் கொண்டுபோய்க் கொட்டினார். அவசரத்தில் பாதி நெருப்பு புல்லில் சிதறியது. பிறகு அவளைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒக்சிஜன் மாஸ்க்கை மாட்டினார்கள். இளம் டொக்டர் ஒருத்தி கட்டிலோரம் இருந்து நிதானமாகச் சொன்னாள். விறகு காற்றுப் போதாமல் புழுங்கி எரிந்தால் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வரும். நீங்கள் மணந்தது புகையை. ஆளைக் கொல்வது அந்த வாயு. அதற்கு மணமே கிடையாது.

“இந்த அறையில் உங்களுக்கு முன் யாராவது படுத்தார்களா?” என்று டொக்டர் கேட்டாள். “அவருக்குத் தலைவலி, வாந்தி ஏதும் இருந்ததா?”

மாஸ்க் போட்டிருந்ததால் பவளக்கொடி தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணீர் மாஸ்க்கின் ஓரத்தால் வழிந்தது. டொக்டர் அதை வலியென்று நினைத்திருப்பாள்.

மூன்று நாள் கழித்து புகைக்கூண்டு துடைக்கிற ஒரு வயதான வெள்ளைக்காரர் வந்தார். கோபாலனின் அடுப்புக்குள் புகை கக்கும் ஒரு வில்லையைக் கொளுத்தி வைத்தார். அரை நிமிடத்தில் பவளக்கொடியின் முன்னறைச் சல்லடை வழியே வெள்ளைப் புகை சுருள் சுருளாக வந்தது. கமராவை உள்ளே இறக்கிக் காட்டினார். இரண்டு வீட்டுப் புகைவழிகளுக்கும் நடுவே இருந்த ஒற்றைச் செங்கல் சுவர் சாந்து உதிர்ந்து, ஒரு பாண் ரொட்டி அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. சுற்றிவர ஈரவிறகின் தார் பளபளவென்று ஒட்டியிருந்தது. வெட்டின மரத்தை இரண்டு கோடையாவது காயவிடாமல் எரிக்கக்கூடாது, உள்ளே ஸ்டீல் குழாய் இறக்காமல் இந்தக் காலத்து அடுப்பை இப்படிப் பழைய புகைக்கூண்டில் மாட்டவே கூடாது, கவுன்சிலுக்கு அறிவித்திருந்தால் அவர்களே விட்டிருக்கமாட்டார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டு போனார்.

கோபாலன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். “முப்பது வருசம் பாலத்துக்கெல்லாம் கணக்குப் போட்டேன், அக்கா” என்றார்.

பவளக்கொடி அவரைத் திட்டத்தான் வந்திருந்தாள். ஆனால், “நான் உங்களில சந்தேகப்பட்டனான், அண்ணை” என்றாள். “நீங்கள் பார்க் மரத்தைக் களவா வெட்டிறீங்கள் எண்டு. வான் நம்பரும் எழுதி வச்சிருக்கிறன்.”

“பார்க் மரமா?” அவர் நிமிர்ந்து பார்த்தார். “அது நோய் வந்து கவுன்சிலே வெட்டுனதுங்க.”

அந்தச் சனிக்கிழமை அவள் நார்தர்ன் லைன் ரயில் எடுத்து, மொன்யுமென்ட்டில் மாறி, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் போய் இறங்கினாள். தபால் திருப்பி அனுப்பச் சொல்லி பிரீத்தா கொடுத்திருந்த விலாசம் அது. வழிநெடுக என்ன சொல்வதென்று கட்டிவைத்த வசனமெல்லாம், கதவு திறந்ததும் மறந்துபோயின. எல்லாவற்றையும் நின்றநிலையிலேயே சொன்னாள். புகை, ஓட்டை, வாயு, ஆஸ்பத்திரி. “நீர் போனபடியால் தப்பினீர். நான் உம்மைக் கலைச்சு விட்டது காப்பாத்த எண்டு இல்லை. என்னில பிழை” என்றாள்.

பிரீத்தா கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வரச்சொல்லி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“நானும் ஒண்ணு சொல்லணும், ஆன்ட்டி. ஆபீஸ் போனா நல்லாயிடுது, வீட்டுல இருந்தா வாந்தி வருது. அதனால... நீங்க சாப்பாட்டுல ஏதோ கலக்குறீங்கன்னு நெனச்சேன்.”

“நானோ?”

“ஆமா. உங்க கத்தரிக்காய்க் கறியை ஒரு டப்பாவுல எடுத்துட்டுப் போய் ஆபீஸ் பிரிட்ஜில வெச்சேன். எங்கயாவது குடுத்து டெஸ்ட் பண்ண முடியுமான்னு பார்த்துட்டு இருந்தேன். அதுக்குள்ள எங்க மேனேஜர் அவர் டப்பான்னு நெனச்சு எடுத்துச் சாப்பிட்டுட்டார்.”

“ஐயோ! பிறகு?”

“அவருக்கு ஒண்ணும் ஆகல. ரொம்ப நல்லாருந்துச்சுன்னார்.” பிரீத்தா கையைப் பிசைந்தாள். “அப்பவும் எனக்குச் சந்தேகம் போகல.”

பவளக்கொடி முதலில் அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அது அழுகையாக மாறியது. பிரீத்தா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், பக்கத்தில் நின்றாள், ஆனால் தொடவில்லை. பெட்டியைத் திறந்ததை அவள் மறக்கவில்லை என்று பவளக்கொடிக்கு விளங்கியது. முன்பு அந்த அறையில் படுத்தவளும் உடம்பைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று ஆஸ்பத்திரி கொடுத்த கடதாசியை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். கிழமை கழித்து ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது: ‘டெஸ்ட் நார்மல், ஆன்ட்டி. தேங்க்ஸ்.’ அவள் முன்னறைக்குத் திரும்பி வரவில்லை. வருவாள் என்று பவளக்கொடி எதிர்பார்க்கவுமில்லை.

கோபாலன் புகைக்கூண்டுக்குள் ஸ்டீல் குழாய் இறக்கி, சான்றிதழும் எடுத்தார். அதைக் கொண்டுவந்து காட்டியபோது பவளக்கொடி இரண்டு பக்கமும் வாசித்து, கையெழுத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள். அடுக்கி வைத்திருந்த விறகை அவர் அடுத்த வருடம் முழுக்கத் தொடவில்லை. மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களில் காற்றோட விட்டுவைத்தார். அவளுடைய முன்னறைச் சுவரைத் தன் செலவிலேயே பூசிக் கொடுத்தார்; அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை.

ஏப்ரலில் அறை பார்க்க வந்தவள் துளசி, ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை செய்கிற நாற்பது வயதுப் பெண். பவளக்கொடி அவளை மேலே கூட்டிப்போய், நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். சுவரில் மாட்டியிருந்த வாயு அலாரத்தைக் காட்டினாள். பிரீத்தாவின் பெட்டிக்குள் கைவிட்டதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும், இவள் இனி வரமாட்டாள் என்று நினைத்தாள்.

துளசி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கைப்பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, கணப்பு இருந்த சுவரை விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அலாரத்தின் பட்டனை அமத்தி, அது கத்துகிறதா என்று பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தி, உள்பக்கப் பூட்டை இரண்டுதரம் திருகிப் பார்த்தாள்.

“இந்தப் பூட்டுக்கு இன்னொரு திறப்பு உங்களிட்ட இருக்கோ, அக்கா?”

“இருக்கு.”

“அதையும் என்னட்டத் தாங்கோ.”

பவளக்கொடி கீழே இறங்கிப்போய்த் திறப்பை எடுத்துவந்து கொடுத்தாள். துளசியை அந்த நிமிடமே அவளுக்குப் பிடித்துப்போனது.